பரோலில் வந்த அத்தா

அத்தியாயம் பதினேழு

போன வாரம் சபுராவைச் சென்னை உயர் நீதிமன்றப் படிக்கட்டில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும்படி விட்டுவிட்டு வந்தோம். அவள் செய்த காரியத்துக்கு ஊரில் பாதிப் பேர் அவளைத் தூற்றினார்கள். மீதிப் பேருக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கொலை செய்தவனுக்குப் பரோல் கேட்டு அவன் வீட்டார் நிற்பது வழக்கம். கொலையுண்டவனின் மனைவியே போய் நிற்பாளா? ஆனால் சபுராவுக்கு இரண்டு உறவும் ஒரே வீட்டில் வாய்த்திருந்தன. செத்துப்போன ரவூப் அவள் கணவன். வெட்டிய மாலிக் அவளுடன் பிறந்த அண்ணன்.

மாலிக் பதினாறு வருஷமாகக் காலாப்பட்டுச் சிறையில் ஆயுள் கைதி. தாயும் போய்ச் சேர்ந்த அவன் மகள் ஷிபானாவைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்தவள் சபுராதான். இப்போது ஷிபானாவுக்கு நிக்காஹ். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கொடுக்க வேண்டியவன் தகப்பன். சிறையிலிருந்தபடியே வேறு ஒருவருக்கு அந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். பெண் மசியவில்லை.

"அத்தா வந்து குடுத்தாத்தான் நிக்காஹ். இல்லாட்டி இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

போலீஸ் எதிர்த்தது. ரவூப்பின் சொந்தக்காரர்கள் கை சும்மா இருக்காது, மாலிக் ஊருக்குள் வந்தால் ரத்தம் சிந்தும் என்று எஸ்.ஐ. தமிழ்க்குமரன் எழுதிக் கொடுத்திருந்தார். நீதிபதி சபுராவைப் பார்த்தார். "பாதிக்கப்பட்டது நீங்கதான். என்னம்மா சொல்றீங்க?"

"வுடுங்கய்யா" என்றாள் சபுரா.

அந்த ஒரு சொல்லுக்குப் பாதுகாப்போடு மூன்று நாள் பரோல் கிடைத்தது. அதே சொல்லுக்காக அவளுடைய ஒரே மகன் முகமது யாசின் வீட்டை விட்டுப் போனான். அன்றிலிருந்து கறிக்கடையில்தான் படுக்கிறான். அம்மா என்று கூப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது.

இன்றைக்குத்தான் நிக்காஹ்.

*

சபுரா கறிக்கடைக்குப் போனபோது பாகூர் கடைத்தெருவில் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. ரவூப் நடத்திய அந்தக் கடை இப்போது அவன் அண்ணன் பஷீர் அகமதுவின் கையில் இருந்தது. தகப்பனை இழந்த யாசினைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியத்தா என்று ஊரே அவரைச் சொல்லும். தூக்கினார்தான், இல்லையென்று சொல்லவில்லை. தூக்கிக்கொண்டே ஒரே ஒரு விஷயத்தைப் பதினாறு வருஷமாக அந்தப் பிள்ளையின் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

யாசின் நிக்காஹ் பிரியாணிக்கான கிடாய்களை அறுத்துத் தொங்கவிட்டிருந்தான். முழங்கை வரை ரத்தம். தரையில் தண்ணீரும் ரத்தமும் கலந்து சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. தாயைப் பார்த்தும் பார்க்காதவன்போல அவன் கத்தியைத் தீட்டினான்.

"யாசின், குளிச்சிட்டு வூட்டுக்கு வாடா. தங்கச்சி நிக்காஹ்டா."

"எவ தங்கச்சி?"

"இடுப்புல வெச்சிக்கினு தெருத்தெருவா சுத்துனியே, அவதான்டா."

யாசின் கறிவெட்டும் கட்டையைக் கத்தி முனையால் தட்டிக் காட்டினான். "இந்தக் கட்டைமேலதான் எங்கத்தா தல கெடந்துச்சு. பெரியத்தா இத மாத்தவே இல்ல. தெனம் இதுலதான் வெட்டுறேன். தெனம் நெனைக்கிறேன். நீ இன்னான்னா கோர்ட்டுல போயி வுடுங்கய்யான்றே."

"நான் சொல்றதக் கேளு..."

"கேட்டதெல்லாம் போதும்."

கத்தியை ஓங்கினான். கட்டையின் விளிம்பில் சபுரா ஊன்றியிருந்த கைக்கு ஒரு விரற்கடை தள்ளி அது இறங்கி நின்றது. எலும்புச் சில்லு ஒன்று தெறித்து அவள் கன்னத்தைக் கீறியது.

"போயிடு. அடுத்த தபா குறி தப்பாது."

சபுராவுக்குக் கத்தி பயமாக இல்லை. அதைப் பிடித்திருந்த கை துளிகூட நடுங்காமல் இருந்தது. பயம் அதில்தான் இருந்தது.

பின்கட்டிலிருந்து பஷீர் டீ கிளாஸோடு வந்தார். "இன்னாடா இது, பெத்தவகிட்ட?" என்று அதட்டினார். அதட்டலில் சூடே இல்லை. "நீ வூட்டுக்குப் போ சபுரா. ஷிபானா நேத்து ஆள் வுட்டுச்சு. நானும் யாசினும்தான் சாட்சியா நிக்கணுமாம். எங்க வூட்டுச் சோறு தின்னு வளந்த புள்ள கேக்குது. எப்படி மாட்டேன்றது?"

"சாட்சியா? யாசினா?"

"வரேன்" என்றான் யாசின். ரத்தக் கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கழுவினான். "அவன் பொண்ணுக்கு நானே சாட்சி நிக்கிறேன்."

வேறொரு தாயாக இருந்தால் பிள்ளை மனம் மாறிவிட்டான் என்று பூரித்துப் போயிருப்பாள். சபுரா அப்படி ஏமாறுகிறவள் இல்லை. பாதி வழியில் அவளுக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் மெடிக்கல் ஷாப் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

பெண்ணிடம் சம்மதம் கேட்கத் தகப்பன் அவள் இருக்கும் அறைக்குள் போவான். கூடவே இரண்டு சாட்சிகள் போவார்கள். மற்ற ஆண்கள் யாரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். காவலுக்கு வந்திருக்கும் போலீஸும் மிதிக்காது. பந்தலில் நூறு பேர் இருக்கட்டும், தெருவில் ஜீப் நிற்கட்டும். அந்த அறைக்குள் மாலிக்கும் யாசினும் பஷீரும் மட்டும்தான் இருப்பார்கள். பாவம் ஷிபானா, இரண்டு குடும்பத்தையும் ஒட்டவைக்க ஆசைப்பட்டு, தானே வழி திறந்து கொடுத்துவிட்டாள்.

யாசினைத் தடுக்க சபுராவிடம் ஒரே ஒரு வழி இருந்தது. அவனிடம் உண்மையைச் சொல்வது.

அந்த உண்மையை நாம் மூன்று வாரத்துக்கு முன்பே பார்த்துவிட்டோம். யாசினுக்குத்தான் தெரியாது. ரவூப் குடித்துவிட்டு வந்து அடிப்பான். கல்யாணமான முதல் வருஷம் கன்னத்தில், அப்புறம் வயிற்றில், கடைசியில் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தான். அன்றைக்குக் கடையின் பின்கட்டில், குடல் அலசும் தொட்டிக்குள் அவள் தலையை அமுக்கிப் பிடித்திருந்தான். தற்செயலாக வந்த மாலிக் விறகுக் கட்டையால் ஒரே அடி அடித்தான். ரவூப் சுருண்டு விழுந்தான். மாலிக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, "போதும், வா, வூட்டுக்குப் போலாம்" என்றுதான் சொன்னான். உண்மையில் அவன் அத்தோடு நிறுத்தியிருந்தான்.

நிறுத்தாதே என்றவள் சபுரா. மூக்கிலும் வாயிலும் அழுக்குத் தண்ணீர் வழிய, தரையில் கிடந்தபடி கத்தினாள். "எழுந்தான்னா என்னக் கொன்னுடுவான். வுடாதண்ணே! வெட்டுண்ணே!"

மாலிக் வெட்டினான்.

கோர்ட்டில் தொழில் தகராறு என்றே சொன்னான். தங்கையின் பேரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவனுக்குத் தண்டனை குறைந்திருக்கும், அவளும் கூண்டில் ஏறியிருப்பாள். ஐந்து வயது யாசினை யார் பார்ப்பது? இப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு உத்தமமான ஒரு அத்தா கிடைத்தார்.

*

வீட்டில் மாலிக் காலைப் பசியாறிக்கொண்டிருந்தான். தட்டை இடது கையால் வளைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருவதுபோல வேகவேகமாகத் தின்றான். கொல்லைப்புறம் போவதற்குக்கூட எழுந்து நின்று, காவலுக்கு வந்திருந்த ஏட்டு மணவாளனிடம் "போகலாங்களா?" என்று கேட்டான். சொந்த வீட்டில் அண்ணன் இப்படி உத்தரவு கேட்பதைப் பார்த்துச் சபுரா அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"அண்ணே, உள்ள போகாத. பந்தல்லயே வெச்சிக் கேட்டுக்கலாம்" என்று மெல்லச் சொன்னாள்.

மாலிக் அவளை நிமிர்ந்து பார்த்தான். கேள்வியே கேட்காமல் புரிந்துகொண்டான். "யாசினா?"

"ம்."

"கத்தி வெச்சிருக்கானா?"

"தெரில. வெச்சிருப்பான்."

"வரட்டும்" என்றான் மாலிக். தட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றான். "எம் பொண்ணு மொகத்தப் பாத்து நாந்தான் கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அதுக்கப்புறம் எது வந்தாலும் வரட்டும். ஆனா ஒண்ணு, நீ வாயத் தொறக்கக் கூடாது. அவனுக்கு அத்தா இல்ல. நீயாச்சும் இருக்கணும்."

பதினொரு மணி வாக்கில் வில்லியனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. மாப்பிள்ளை நஸ்ருதீன், செல்போன் கடை வைத்திருக்கும் சாதுவான பையன். மாமனார் கைதி என்று தெரிந்தேதான் வந்தான். பந்தலில் ஹஜ்ரத் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பஷீரும் யாசினும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலியில் வந்து சேர்ந்தார்கள். யாசின் தொப்பி போட்டு, அத்தர் பூசி, பார்க்க அவனே மாப்பிள்ளை போலிருந்தான்.

தமிழ்க்குமரன் மஃப்டியில் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், எதையும் லேசில் நம்பாத மனிதர். சபுராவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, நான் பரோல் வேணாம்னு எழுதுனவன். இப்ப உங்களத்தான் கேக்குறேன். உங்க பையன் எப்படி? அவன உள்ள வுடலாமா? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, ஜீப்புல உக்கார வெச்சிடறேன்."

சபுரா பந்தலில் நின்ற யாசினைப் பார்த்தாள். சொன்னால் யாசினைச் சோதிப்பார்கள். கத்தி இருந்தால் லாக்கப். மாலிக்கை இந்த நிமிஷமே காலாப்பட்டுக்கு ஏற்றுவார்கள். ஷிபானா மருதாணிக் கையோடு உட்கார்ந்திருப்பாள், வந்த வேன் திரும்பிப் போய்விடும். சொல்லாவிட்டால் அறைக்குள் தானும் இருக்கலாம். பெற்றவளை மீறியா குத்திவிடுவான்?

"எம் புள்ளைங்க அவன். தங்கச்சின்னா உசுரு. வுடுங்கய்யா."

கோர்ட்டில் சொன்ன அதே சொல்லை மறுபடி சொல்லிவிட்டாள்.

தமிழ்க்குமரன் அரை மனதோடு தலையாட்டினார். ஏட்டு மணவாளன் மாலிக்கின் இடுப்பு, கால், தொப்பி வரை தடவிப் பார்த்தார். சாட்சிகளை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு அவர்கள் என்ன, கைதிகளா?

*

அறையில் ஷிபானா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். சபுரா மட்டும் பீரோ ஓரமாக நின்றாள். மாலிக் உள்ளே வந்தான், பின்னால் யாசின், கடைசியாகப் பஷீர். பஷீர் கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே சாய்ந்து நின்றார். வெளியே மைக்கில் ஹஜ்ரத் நிக்காஹ் உரையான குத்பாவை ஓதத் தொடங்கினார்.

மகளின் எதிரில் மாலிக் மண்டியிட்டு உட்கார்ந்தான். மூன்று வயதில் விட்டுப் போன குழந்தை அது. கம்பிக்கு வெளியே நின்றுதான் வளர்ந்தது.

"ஷிபானாம்மா. வில்லியனூரு நஸ்ருதீனுக்கு, பேசுன மஹர் பணத்துக்கு, உன்ன நிக்காஹ் பண்ணிக் குடுக்கச் சம்மதமாமா?"

"சம்மதம் அத்தா."

"சாட்சிங்க காதுல விழுந்துச்சா?" என்று மாலிக் திரும்பாமலே கேட்டான்.

"விழுந்துச்சு" என்றான் யாசின். சொன்ன கையோடு சட்டையைத் தூக்கினான்.

எலும்பு நீக்கும் சின்னக் கத்தி அது. அவன் கைக்குப் பழகின கத்தி. ஷிபானா கண்ணை விரித்தாள். அவன் கை இறங்கும்போதே சபுரா குறுக்கே பாய்ந்துவிட்டாள். பாய்ந்தவள் பிடித்தது அவன் மணிக்கட்டை அல்ல, கத்தியை. உள்ளங்கை எலும்பு வரை அறுபட்டது. விடவில்லை.

"யாசின்! உங்கத்தா என்னக் கொன்னுக்கினு இருந்தாருடா! தொட்டித் தண்ணியில அமுக்கி... தெனம் அடிப்பாருடா!"

"வுடு கைய."

"வெட்டச் சொன்னது நான்டா! இவன் நிறுத்திட்டான். நாந்தான் வெட்டு வெட்டுன்னு கத்துனேன். குத்தணும்னா என்னக் குத்து!"

யாசினின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. அவன் பஷீரைப் பார்த்தான். "பெரியத்தா? அத்தா அடிப்பாரா?"

தம்பி அடித்த சத்தமெல்லாம் பஷீருக்கு அடுத்த வீட்டுச் சுவர் வழியே கேட்டதுதான். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தவன் மாலிக்.

"பொய் சொல்றா" என்றான்.

"அண்ணே!"

"உன்னக் காப்பாத்தப் பொய் சொல்றா மாப்ள. உங்கத்தா தங்கமான மனுசன். கடைய எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேட்டேன், தரல. நானாத்தான் வெட்டுனேன். இவ அங்க இல்லவே இல்ல." அவன் எழுந்து, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி யாசினுக்கு நேராக நின்றான். தங்கையின் பேரை மறுபடியும் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. அந்த முட்டாள் மனிதனை என்னவென்று சொல்வது!

"கேட்டுக்கினியாடா?" என்றார் பஷீர். "அவன் வாயாலயே சொல்லிட்டான்."

யாசின் தாயை உதறினான். அவள் பீரோவில் மோதி விழுந்தாள். கத்தி மாலிக்கின் இடது விலாவுக்குக் கீழே பிடிவரை போனது. யாசின் அதைத் திருகி உருவினான், கிடாயில் உருவுவதைப்போல. மாலிக் "அல்லா" என்று ஒரு மூச்சு விட்டான். ரத்தம் கைலியில் இறங்கியது.

ஷிபானா அலற வாயெடுத்தாள். வாயைப் பொத்தியது தகப்பனின் கை.

"கத்தாதமா. கத்துனா போலீஸ் வரும். இவன் உள்ள போவான், உன் நிக்காஹ் நின்னுடும். ரெண்டுக்குமா நான் வந்தேன்?" பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "சபுரா, துணி குடு. இறுக்கிக் கட்டு."

சபுரா கட்டினாள். என்ன துணி, எப்படிக் கட்டினாள் என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தன் கை ரத்தம் எது, அண்ணன் ரத்தம் எது என்றும் தெரியவில்லை. கைலியை மடித்துக் கட்டிவிட்டாள். காலையில் ஜமாத்தார் போர்த்திய பச்சைச் சால்வையை வயிறு மறைய முன்பக்கம் இழுத்துவிட்டாள். யாசின் கத்தியைப் பிடித்தபடி சிலைபோல நின்றிருந்தான். இப்போதுதான் அவன் கை நடுங்கியது. சபுரா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, முந்தானையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சின்ன வயதில் சோறு தின்ற கையைத் துடைத்துவிட்ட மாதிரியே துடைத்தாள்.

"சாட்சிங்க ரெண்டு பேரும் கூட வரணும்" என்றான் மாலிக். "வா மாப்ள. நட."

*

பந்தலுக்குப் பத்துப் பதினைந்து அடிதான். மாலிக் அதை நிமிர்ந்தே நடந்தான். மாப்பிள்ளைக்கு எதிரில், ஜமுக்காளத்தில் மெல்ல உட்கார்ந்தான்.

"பொண்ணு சம்மதம் சொல்லுச்சா?" என்று ஹஜ்ரத் சாட்சிகளைக் கேட்டார்.

"சொல்லுச்சு" என்றார் பஷீர்.

"யாசின்?"

"சொல்லு..." யாசின் மாலிக்கின் சால்வையைப் பார்த்தான். "சொல்லுச்சு."

மாலிக் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான். அந்தக் கை ஐஸாக இருந்தது என்று நஸ்ருதீன் பிறகு சொன்னான். மைக்கில் மாலிக்கின் குரல் தெரு முனை வரை கேட்டது. "எம் மகள் ஷிபானாவ... இந்த மஹருக்கு... உங்களுக்கு நிக்காஹ் பண்ணிக் குடுத்தேன்."

"ஏத்துக்கிட்டேன்" என்றான் நஸ்ருதீன்.

ஹஜ்ரத் துவாவுக்குக் கையேந்தினார். பந்தலே கையேந்தியது. மாலிக்கும் ஏந்தப் பார்த்தான். ஏந்திய கை முன்னால் சரிந்தது. பேரீச்சம்பழத் தட்டின்மேல் முகம் குப்புற விழுந்தான்.

யாரோ அலறினார்கள். ஜமுக்காளம் நனைந்து பளபளத்தது. தமிழ்க்குமரன் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து சால்வையை விலக்கினார். கட்டியிருந்த துணி கருஞ்சிவப்பாகி ஒழுகிக்கொண்டிருந்தது.

"வண்டிய எடு! ஆம்புலன்ஸ கூப்புடு!" என்று மணவாளனிடம் கத்தினார். பிறகு எழுந்து நின்றார். அவர் கண் நேராக யாசினிடம் போனது. "யார்ரா பண்ணது?"

யாசின் வாயைத் திறப்பதற்குள் வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"நாந்தாங்க."

சபுரா படியிறங்கி வந்தாள். வெட்டுப்பட்ட கையில் அந்தக் கத்தி இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் விலகினார்கள். அவள் கத்தியைத் தமிழ்க்குமரனின் காலடியில் வைத்தாள்.

"எம் புருசனக் கொன்னவன். நாந்தான் குத்துனேன். கத்தியப் புடுங்க வந்தான், எங் கையும் கிழிஞ்சிட்டுது."

தமிழ்க்குமரன் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இதுக்குத்தான் ஜட்ஜ் முன்னாடி அழுதியா? குத்துறதுக்குத்தான் வெளிய எடுத்தியா?"

"ஆமாங்க."

"ரூம்ல யாரு இருந்தது?"

"நான் இருந்தேன் சார்" என்று பஷீர் முந்திக்கொண்டார். "எங் கண்ணால பாத்தேன். இவதான் குத்துனா." பதினாறு வருஷம் திறக்காத வாய் என்ன சுறுசுறுப்பாகத் திறந்தது பாருங்கள்.

தமிழ்க்குமரன் நம்பினாரா இல்லையா, தெரியவில்லை. காயம்பட்டவன் கண்விழித்துச் சொல்லட்டும், அதுவரை இவள் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். மாலிக்கை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கூட ஏற முயன்ற மணப்பெண்ணை மாப்பிள்ளை தடுக்கவில்லை. தானும் அவளோடு ஏறிக்கொண்டான்.

பெண் காவலர் தேவி வந்து சபுராவின் கையில் கர்சீப்பைச் சுற்றி ஜீப்புக்கு அழைத்துப் போனாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது ஜன்னலருகே யாசின் வந்து நின்றான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. எல்லாவற்றையும் அவள் முந்தானை வாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா."

மூன்று வாரம் கழித்து வந்த சொல். சபுரா நிமிர்ந்தாள்.

"எனக்கோசரம் இப்ப இவ்ளோ பெரிய பொய் சொல்ற. மாமா உனக்கோசரம் பொய் சொன்னாரா?" அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "உள்ள நீ சொன்னது நெசமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைக்கு அத்தா உத்தமனாகவே இருப்பார். செய்தது நியாயம் என்று நினைத்துக்கொண்டு, கல்யாணம் காட்சி என்று வாழ்ந்துவிட்டுப் போவான். ஆம் என்றால் இனி அவளை ஜென்மத்துக்கும் அம்மா என்று கூப்பிடுவானோ மாட்டானோ. தேவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு காதில் விழுந்ததோ. சபுராவுக்கு அந்த நேரத்தில் போலீஸும் தெரியவில்லை, பந்தலும் தெரியவில்லை. தொட்டித் தண்ணீருக்குள் மூச்சு முட்டிய அந்த நிமிஷம்தான் தெரிந்தது. இந்தப் பொய்யை இன்னும் எத்தனை பேர் தலையில் கட்டுவது?

"நெசம்டா" என்றாள். "ரெண்டும் நெசம். உங்கத்தா அடிச்சதும் நெசம். வெட்டச் சொன்னது நாந்தான்றதும் நெசம்."

ஜீப் கிளம்பியது.

யாசின் நின்ற இடத்திலேயே நிற்பதைச் சபுரா பின் கண்ணாடி வழியே பார்த்தாள். பஷீர் அவனிடம் வந்து தோளில் கைபோட்டார். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். தட்டிவிட்டவன் ஓடிப்போய் பைக்கை உதைத்தான்.

ஆம்புலன்ஸ் சைரனோடு கிருமாம்பாக்கம் ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தது. ஜீப் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. பைக் ஜீப்பின் பின்னால் வரும் என்று சபுரா எதிர்பார்த்தாள். வரவில்லை. தெரு முனையில் அது கறிக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. யாசின் உள்ளே போய்விட்டு வெளியே வந்தான், கையில் எதையாவது எடுத்தானா என்று தெரியவில்லை. பிறகு பைக் ஆம்புலன்ஸ் போன பாதையில் சீறிக்கொண்டு போனது.

"நிறுத்துங்க!" சபுரா அறுபட்ட கையால் ஜீப்பின் கதவை அடித்தாள். கட்டிய கர்சீப் பிய்ந்து, கண்ணாடி முழுக்க ரத்தம் அப்பியது. "எம் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போறான்! நிறுத்துங்கம்மா!"

"மாமன் ஆச்சே, பாக்கப் போறான். வுடும்மா" என்றாள் தேவி.

பார்க்கத்தான் போகிறானா, மிச்சத்தை முடிக்கப் போகிறானா? வயிற்றில் சுமந்து பெற்ற சபுராவுக்கு அது தெரியவில்லை.